புரோக்கர் காக்கா கேம் விசாரித்த கதை

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ ஒன்லைன் கேம்களை வேண்டாம் என்று விட்டிருப்பார்கள். இன்டர்நெட் காணாது, போன் தாங்காது, பெண்டாட்டி ஏசுகிறாள் என்று ஆளுக்கொரு காரணமும் இருக்கும். ஆனால் ஒரு கேமை “குடும்பம் சரியில்ல” என்று சொல்லித் தட்டிக் கழித்த மனிதர் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையில் மட்டுமல்ல, கம்பியூட்டரைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் புரோக்கர் காக்கா.

அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறதாம். அதை அடையாள அட்டையைத் தவிர வேறு யாரும் பாவிப்பதில்லை. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். அறுபது தாண்டிய அந்த மனுசனை என் வாப்பாவும் காக்கா என்பார், நானும் காக்கா என்பேன், பேசப் பழகிய நாளிலிருந்து என் மகளும் காக்கா என்கிறாள். தொழில், கலியாணம் பேசுவது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அவருடைய ராச்சியம். ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பொடியன் பட்டம் வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்குமுன், அவனுக்கு எத்தனை சகோதரிகள், வாப்பாவுக்கு எங்கே வயல், கோபம் வந்தால் கோப்பையை எறிவானா கதவைச் சாத்துவானா என்பது வரைக்கும் காக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் தட்டமும் பழமுமாக மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். வெளியே பார்த்தால் எங்கள் ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் சிங்கங்கள்தான். ஆனால் பிறந்தால் உம்மாவின் வீடு, கட்டினால் பெண்டாட்டியின் வீடு, கிழண்டினால் மகளின் வீடு. கடைசியில் மையவாடியில் கிடைக்கும் குழி ஒன்றுதான் சொந்தம். அதற்கும் உறுதிப் பத்திரம் எழுதித் தரமாட்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் வாளும் மந்திரமுமாகச் சண்டை பிடிக்கும் ஒன்லைன் கேமுக்குள் எப்படி வந்தார் என்று நீங்கள் கேட்கலாம். என்னை விசாரிக்கத்தான் வந்தார்.

அப்போது நான் மருதமுனையில் உம்மா வீட்டில் இருந்த கலியாணமாகாத பொடியன். நிந்தவூரில் ஒரு குடும்பம் என்னை மாப்பிள்ளை கேட்க யோசித்திருக்கிறது. பொடியன் நல்லவன், உத்தியோகமும் இருக்கிறது, ஆனால் எந்நேரமும் போனுக்குள்ளேயே கிடக்கிறானாம் என்று யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். வேறொரு புரோக்கராக இருந்தால் அடுத்த பொடியனைப் பார்த்திருப்பார். எங்கள் காக்கா, “போனுக்குள்ள என்ன செய்றான் எண்டு போய்ப் பாத்தாத்தானே தெரியும்” என்று அந்த கேமுக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

கேம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு வேசம் போட்டுக்கொண்டு ஒரே நாட்டுக்குள் திரிவார்கள். ஒருவன் போர்வீரன், ஒருத்தி வில்லுக்காரி, இன்னொருவர் காயம்பட்டவனுக்கு மருந்து போடும் வைத்தியர். நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து டிராகன் அடிப்பார்கள். ஒருநாள் வெள்ளைத் தாடியும் பச்சை அங்கியுமாக ஒரு வைத்தியர் என் பின்னால் வரத் தொடங்கினார். கேம் பெயர் கேட்ட இடத்தில் அவர் தன் தொழிலைப் போட்டிருந்தார். ஆகவே நாங்கள் டிராகனோடு கட்டிப் புரளும் நேரத்திலும் அவர் தலைக்கு மேலே ‘கலியாணம் பேசப்படும்’ என்ற எழுத்து மினுங்கிக்கொண்டே இருந்தது.

அவர் எனக்கு வைத்த பரீட்சைகள் கொஞ்சநஞ்சமல்ல. வேண்டுமென்றே ஓநாய்க் கூட்டத்துக்குள் போய் விழுவார், நான் காப்பாற்ற வருகிறேனா என்று பார்க்க. என்னிடம் மருந்துப் போத்தல் கேட்டு வாங்கிக் கீழே கொட்டுவார், நான் ஏசுகிறேனா என்று பார்க்க. ஒரு நாள் என்னுடைய குதிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் மலையிலிருந்து தள்ளிவிட்டார். அதற்கும் நான் “பரவால்ல காக்கா” என்றேன். கொஞ்ச நாளில் நிந்தவூரிலிருந்து என் மாமனார் எங்கள் வீட்டுக்குத் தட்டத்தோடு வந்து இறங்கினார்.

“பொடியனுக்கு பொறுமை இரிக்கி” என்று என் வாப்பாவிடம் சொன்னார். “குதிரைய மலையில இருந்து தள்ளினாலும் கோவம் வராதாம். சினேகிதன ஓநாய்ட வாயில உட்டுட்டு ஓடுற ஆளும் இல்லயாம்.”

கல்முனையில் ஓநாய் எங்கே இருக்கிறது, என் மகன் எப்போது குதிரை வாங்கினான் என்று வாப்பா இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். என் மனைவியோ இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்: “ஓநாய்ட வாயில இருந்து ஆள இழுத்தெடுத்த மனிசன், குசினில இருந்து ஒரு தேத்தண்ணிக் கோப்பைய எடுத்துக்க ஏலா.”

கலியாணம் முடிந்தது, நான் நிந்தவூருக்குக் குடிவந்தேன். விசாரணையும் முடிந்தது. காக்கா மட்டும் கேமை விட்டு வெளியே போகவில்லை. இரவு இஷாத் தொழுகையும் சாப்பாடும் முடிந்த கையோடு நாங்கள் நாலு பேர் உள்ளே கூடுவது வழக்கமாகிப்போனது. காக்கா, நான், கட்டாரில் தண்ணி பவுசர் லொறி ஓட்டும் றிஸ்வான், அட்டாளைச்சேனையில் கணக்குப் படிப்பிக்கும் ஒரு டீச்சர். டீச்சரையும் றிஸ்வானையும் நாங்கள் நேரில் கண்டதில்லை. குரல் தெரியும், அவர்கள் டிராகனுக்கு முன்னால் எப்படி ஓடுவார்கள் என்பதும் தெரியும்.

அந்த கேமில் காசு சேர்த்தால் காணி வாங்கலாம், வீடு கட்டலாம். நாங்கள் மூன்று பேரும் சேர்த்ததை வாளுக்கும் கேடயத்துக்கும் அழித்தோம். காக்கா மட்டும் வாளே வாங்கவில்லை. பிச்சைக்காரத் தடியோடு திரிந்து, ஒரு குளக்கரையில் காணி வாங்கி வீடு கட்டினார். முன்னால் விறாந்தை, விறாந்தையில் உட்காரக் கதிரைகள், வாசலில் மல்லிகை. கதவில் அவர் பெயர். டிராகனை அடித்துக் களைத்து வந்தால் நாங்கள் அந்த விறாந்தையில்தான் போய் இருப்போம். “இரிங்க, இரிங்க, தேத்தண்ணி வாற” என்பார். தேத்தண்ணி ஒருநாளும் வந்ததில்லை. அந்த கேமில் அதற்கு வசதி இல்லை.

நிசத்தில் காக்கா இருந்தது சாய்ந்தமருதுவில், மகள் நஸீஹாவின் வீட்டில். அவருடைய மனைவி மௌத்தாகிச் சில வருசம். ஒரே மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்து, இர்பான் என்ற பொடியனை மாப்பிள்ளை எடுத்தார். தான் பேசியதிலேயே சிறந்த கலியாணம் அதுதான் என்று காக்காவே சொல்வார். மாப்பிள்ளை வந்தார், மாப்பிள்ளையோடு மோட்டார் சைக்கிள் வந்தது, பெரிய டிவி வந்தது, உறவுக்காரர் வந்தார்கள். எல்லாம் உள்ளே வர வர, காக்காவின் கதிரை வெளியே வந்துகொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் எங்களுக்கு அந்த கேம் அலுத்துப்போனது.

முதலில் வாயைத் திறந்தது டீச்சர். “ஒரே டிராகன், ஒரே குகை. அடிச்சா சாகுது, நாளைக்கிப் போனா திரும்ப இரிக்கி. இதுக்கு நான் எட்டாம் வகுப்புக்கே கணக்குப் படிப்பிச்சிட்டு இரிப்பன்.”

“எனக்கும் அலுத்துப் போச்சு” என்றான் றிஸ்வான். “வேற கேமுக்கு மாறுவம்.”

எனக்கும் அதே எண்ணம்தான். மூன்று பேரும் காக்காவைப் பார்த்தோம். அவர் விறாந்தையில் எழும்பி நின்று, தன் வீட்டுக் கதவை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார். “மாறுறதெண்டா மாறுவம். ஆனா கண்ட கண்ட கேமுக்குள்ள போய் விழ ஏலா. நான் விசாரிச்சித் தாறன்.”

மாறினால் அந்த வீடு போய்விடும், அது காக்காவுக்குப் பொறுக்காது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வாய்விட்டு மாட்டேன் என்று சொல்பவர் புரோக்கராக இருக்க முடியாதல்லவா. வேண்டாத சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லாமலே முறிப்பதில் எங்கள் கரையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த வித்தை முழுவதையும் இப்போது எங்கள் மேல் இறக்கினார்.

முதலாவது கேமை றிஸ்வான் கொண்டுவந்தான். படம் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். கடலில் அலை அடித்தால் போனைத் துடைக்க வேண்டும் போல இருக்கும். காக்கா படத்தைப் பார்த்து ஏமாறவில்லை. “மாப்பிள்ளைட போட்டோவப் பாத்து ஆராவது முடிவெடுக்கிறயா?” என்று கேட்டுவிட்டு, வெள்ளைச் சேட்டுப் போட்டு, அத்தர் பூசி, என்னையும் கூட்டிக்கொண்டு கல்முனை பஸாரில் போன் திருத்தும் கடைக்குப் போனார். சம்பந்தம் விசாரிக்கப் போகும் அதே நடை, அதே குடை.

“தம்பி, இந்த கேம் ஏத்தின போன் உங்களிட்ட வாறயா?”

“கன வருது காக்கா.”

“குணம் எப்பிடி?”

திருத்துகிற தம்பி கொஞ்சம் முழித்தான். பிறகு உண்மையைச் சொன்னான். “போன் சூடாகும். சார்ஜ் நிக்காது. இடம் முழுக்கத் தனக்கே வேணுமெண்டு நிக்கும். போட்டோ, பாட்டு, பழைய வீடியோ எல்லாத்தயும் அழி எண்டு செல்லும்.”

காக்கா குடையை விரித்தார். “பாத்தயா மகன்? அழகான மாப்பிள்ளைதான். வந்த கையோட ஊட்டுல இரிக்கிற எல்லாரையும் வெளியேத்திட்டு, தான் மட்டும் காலை நீட்டிப் படுக்கிற மாப்பிள்ளை.” சொல்லிவிட்டுப் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இரவு கூட்டத்தில் அவர் கொடுத்த தீர்ப்புத்தான், குடும்பம் சரியில்லை என்பது.

இரண்டாவது கேமை நான் கொண்டுவந்தேன். இலவசமாக ஒரு வாரம் உள்ளே இருந்து பார்க்கலாம். காக்கா உள்ளே போனார். போனவர் வாள் எடுத்தாரா, குதிரை ஏறினாரா? இல்லை. சந்தைச் சதுக்கத்தில் ஒரு கிணற்றுக்கட்டில் குந்திக்கொண்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் மறித்து விசாரிக்கத் தொடங்கினார். எந்த மொழியில் பேசினாலும் அடுத்தவனுக்கு அவன் மொழியில் காட்டும் வசதி அந்த கேமில் இருந்தது. அது பெரிய ஆபத்தாகப் போய்விட்டது.

பிரேசில் நாட்டுப் பொடியன் ஒருவன் கரடியைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிறான். காக்கா குறுக்கே நின்று கேட்கிறார்: “மகன் எந்த ஊர்? என்ன தொழில்? சம்பளம் எப்பிடி? வாப்பா இரிக்கிறாரா? எத்தினை பொம்பிளைச் சகோதரங்கள்? இருக்கிறது கல்வீடா?” அவன் கரடியை விட்டுவிட்டு ஓடினான். பிலிப்பைன்ஸ் தாதி ஒருத்தி மட்டும் நின்று நிதானமாகத் தன் குடும்ப வரலாறு முழுவதையும் சொல்லி, இரண்டு தம்பிமாருக்கும் இடம் பார்க்கச் சொன்னாளாம். மூன்றாம் நாள், ஊர் பேர் தெரியாதவர்களிடம் தனிப்பட்ட விபரங்களைக் கறக்கும் மோசடிக்காரர் என்று கேம்காரர்கள் காக்காவை நிரந்தரமாக வெளியே போட்டார்கள்.

நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தோம். காக்காவுக்கு மானம் முக்கியம். “அவங்க என்னை வேணாமெண்டு செல்லல்ல. நான்தான் அவங்கள வேணாமெண்ட. ஒரு வார்த்தை விசாரிச்சாக் கோவிக்கிற குடும்பத்துல ஆராவது சம்பந்தம் வைப்பாங்களா?”

மூன்றாவதை டீச்சர் கொண்டுவந்தா. நல்ல கேம். போன் சூடாகாது, இடம் பிடிக்காது, மனிதர்களும் மரியாதையானவர்கள். காக்கா நாலு நாள் உள்ளே இருந்து தேடினார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

“எல்லாம் சரி டீச்சர். ஊடு கட்டலாமா?”

“ஊடு கட்டேலா காக்கா. சத்திரத்துல ரூம் எடுக்கலாம்.”

“வாடகை ரூமா?” காக்காவின் குரலில் அப்படியொரு சந்தோசம். “வாடகை ரூமுல மாப்பிள்ளை எடுக்கிற வழக்கம் நம்மட பக்கம் இல்லயே!”

றிஸ்வான் பொறுமை இழந்தது அப்போதுதான். “காக்கா, நான் இஞ்ச ஆறு பேர் படுக்கிற ரூமுல இரிக்கன். விடியப் போனா பொழுது பட்டுத்தான் வாற. எனக்குக் கிடைக்கிறது இந்தக் கொஞ்ச நேரம். அதுலயும் அதே டிராகன அடிக்க என்னால ஏலா. நீங்க அந்த ஊட்டக் கட்டிப் புடிச்சிட்டு இரிங்க. நாங்க போறம்.”

வேறொரு நாளாக இருந்தால் காக்கா அதற்கு அரை மணித்தியாலம் பதில் சொல்லியிருப்பார். பேச்சை முதலில் முடிக்கும் பழக்கமே இல்லாத மனுசன். அன்று, “போங்க மகன், அல்லாட காவல்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

சரி, தொல்லை விட்டது என்று நாங்கள் மூன்று பேரும் சத்திரத்து கேமுக்குப் போனோம். அங்கே டிராகன் புதிது, குகை புதிது, எல்லாம் பளபளப்பு. டிராகனை அடித்துவிட்டு எங்கே போய் இருப்பது என்று மட்டும் தெரியவில்லை. மூன்று பேரும் சத்திரத்து வாசலில் நின்றோம். “தேத்தண்ணி வாற” என்று சொல்ல ஆளில்லை. றிஸ்வான் இரண்டு தரம் கொட்டாவி விட்டான். டீச்சர் தனக்குப் பரீட்சைத்தாள் திருத்த இருக்கிறது என்றா. பாடசாலை விடுமுறைக் காலம் அது.

நான் காக்காவுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. சாய்ந்தமருதுவுக்கே போனேன்.

விறாந்தையின் நடுவில் மோட்டார் சைக்கிள் துணி போர்த்திக்கொண்டு சுகமாக நின்றது. காக்காவின் கதிரை வீட்டுப் பக்கத்தில், தண்ணி மோட்டருக்கும் மதிலுக்கும் இடையில் கிடந்தது. அதில் காக்கா. கையில் போன்.

“என்ன காக்கா, போன் எடுத்தா எடுக்கிறீங்களில்ல?”

“இஞ்ச சிக்னல் கிடைக்கிறல்ல மகன்.”

“முன்னுக்கு வந்து இரிக்கிறதுதானே?”

“முன்னுக்கு மருமகன்ட ஆக்கள் வாற போற இடம். அந்தப் புள்ள தங்கமான புள்ள. ஒரு வார்த்தை செல்லல்ல. கதிரைய நானாத்தான் தள்ளிப் போட்ட.” பிறகு, கலியாணம் பேசும் குரலை விட்டுவிட்டு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னார். “உங்களுக்கு அது கேம். நான் ஒருத்தர்ட்டயும் கேக்காம கதவத் திறந்து, வாங்க, இரிங்க எண்டு செல்ற ஒரே இடம் அதுதான் மகன்.”

நிந்தவூரில் நான் இருக்கும் வீடு அவர் பேசித் தந்த வீடு. இந்தக் கரையில் எத்தனையோ பேரை வீடு பார்த்துக் குடியேற்றிய மனுசன் தண்ணி மோட்டருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சிக்னல் தேடுகிறார்.

டீச்சரிடம் சொன்னேன். “நாம பிழையாச் செஞ்ச” என்றா டீச்சர். “அவர விசாரிக்க உட்டா ஆயுசுக்கும் விசாரிப்பார். இப்ப அவர்தான் மாப்பிள்ளை, நாமதான் தட்டத்தோட கேட்டுப் போகணும்.” அன்றிரவே உட்கார்ந்து தேடி, வீடு கட்டக்கூடிய ஒரு கேமை டீச்சர் கண்டுபிடித்தா. நானும் றிஸ்வானும் எங்கள் பங்குக் காசைச் சேர்த்தோம். கேம் காசுதான், பயப்பட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு முறைப்படி காக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். டீச்சர் புது அபாயா உடுத்து, தன் கணவரோடு அட்டாளைச்சேனையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினா. அன்றுதான் நான் அவவை நேரில் கண்டேன். கேமில் எட்டடி உயர வில்லுக்காரி, நேரில் என் தோளுக்குக் கீழே. பைத்தியக்காரர்களோடு போகும்போது மனிதர்கள் வைத்துக்கொள்ளும் முகம் கணவருக்கு இருந்தது. தட்டத்தில் வாழைப்பழச் சீப்பு, கேக், தொதல். றிஸ்வான் கட்டாரில் தொப்பி போட்டுக்கொண்டு வீடியோவில் இருந்தான். அவனையும் தட்டத்திலேயே, வாழைப்பழத்தில் சாத்தி வைத்தோம்.

கதவைத் திறந்தவள் நஸீஹா. தட்டத்தைப் பார்த்தாள். அபாயாவைப் பார்த்தாள். டீச்சரின் கணவருடைய செத்த வீட்டு முகத்தைப் பார்த்தாள்.

“ஒரு நல்ல விசயம் பேசி வந்த நாங்க. வாப்பா இரிக்கிறாரா?” என்றேன் நான். முறை அப்படித்தானே.

வீட்டில் குமர்ப் பிள்ளைகள் யாரும் இல்லை. கலியாணமாகாத ஆண்களும் இல்லை. மனைவி இல்லாமல் இருக்கிற ஆம்பிளை ஒருவர்தான் இருக்கிறார். பெண் வீட்டார் தட்டத்தோடு வாசலில் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இதைக் கூட்டிப் பார்க்க டீச்சரின் கணக்குத் தேவையில்லை. நஸீஹா குசினிக்குள் ஓடினாள். அவள் எதை நினைத்து ஓடினாள் என்று எனக்கு அந்த நேரம் மண்டையில் ஏறவில்லை.

காக்கா வந்து கதிரையில் இருந்தார். தட்டத்தைக் கண்டதும் முதுகு நிமிர்ந்தது. நாற்பது வருசமாக அடுத்தவருக்காகப் போன மனுசனை முதல் தடவையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். தண்ணி மோட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஆள் அவரல்ல.

“செல்லுங்க. இடம் எப்பிடி?”

“நல்ல இடம் காக்கா” என்றா டீச்சர். “அமைதியான இடம்.”

“ஊடு?”

“குளத்துக்கு முன்னால. விறாந்தை இரிக்கி. உங்கட பேர்லயே எழுதியாச்சி.”

“என்ட பேர்லயா?” காக்காவின் குரல் இறங்கிப்போனது.

“ஓம் காக்கா” என்றான் வாழைப்பழத்தில் சாய்ந்திருந்த றிஸ்வான். “நீங்க ஓமெண்டா இண்டைக்கே குடிபோகலாம்.”

திரைச்சீலை கிழிந்தது போல ஒரு சத்தம். நஸீஹா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள்.

“ஒருத்தருக்கும் தரமாட்டம்! வாப்பாவ நாங்க ஒருத்தர்ட ஊட்டுக்கும் அனுப்பமாட்டம்! எடுங்க உங்கட தட்டத்த!” பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பி, அழுதுகொண்டே கேட்டாள். “உங்களுக்கு இந்த ஊட்டுல நாங்க என்ன வாப்பா குறை வச்ச? நீங்க போனா நான் ஆருக்கு வாப்பா எண்டு செல்ற?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டீச்சருக்கும் விளங்கியிருக்க வேண்டும், அபாயாவால் வாயைப் பொத்திக்கொண்டா. அவவுடைய கணவர் முதல் தடவையாகச் சிரித்தார். பின்னால் இர்பான் வெளிறிப்போன முகத்தோடு வந்து நின்றான்.

“மாமா, மோட்டர் சைக்கிள நான் வெளிய நிப்பாட்டுறன். கதிரைய முன்னுக்குப் போடுறன். நீங்களாத்தான் அங்க போய் இரிந்த, காத்து நல்லமாக்கும் எண்டு நினைச்ச மாமா. ஒரு வார்த்தை செல்லிரிக்கலாமே.”

விசயத்தை விளக்க நான் வாயைத் திறந்தேன். காக்கா என் காலை மிதித்தார்.

கண் கலங்கித்தான் இருந்தது மனுசனுக்கு. அதை நான் பார்த்தேன். ஆனால் தொழில் தொழில்தானே. இரண்டு விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாடியைத் தடவிக்கொண்டு, மகளையும் மருமகனையும் பார்த்துச் சொன்னார்: “அவசரப்படக் கூடா. கேட்டு வந்தவங்கள முகத்துல அடிச்ச மாதிரி அனுப்பவும் கூடா. நான் ரெண்டு நாள் யோசிச்சி முடிவு செல்றன்.”

அந்த இரண்டு நாளில் விறாந்தை காலியானது. கதிரை முன்னுக்கு வந்தது, கதிரைக்கு மேலே மின்விசிறி வந்தது, டிவிக்குப் பக்கத்தில் இருந்த இன்டர்நெட் பெட்டி காக்காவின் தலைமாட்டுக்கு வந்தது. இர்பானின் உறவுக்காரர் வந்தால் இப்போது முதலில் காக்காவுக்குத்தான் சலாம். மூன்றாம் நாள் காக்கா, “புள்ளைகளுக்காக நான் இந்தச் சம்பந்தத்த உட்டுட்டன்” என்று பெரிய தியாகம் போல அறிவித்தார். ஆயுசில் அவர் பேசிய கலியாணங்களிலேயே அதிகம் சாதித்தது நடக்காத இந்தக் கலியாணம்தான். நாங்கள் கேட்டுப் போனது ஒரு கேமுக்காக என்று நஸீஹாவுக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால், தங்கச்சி, அந்த மின்விசிறியை மட்டும் கழற்றிவிடாதே.

புதுக் கேமிலும் காக்கா குடிபுகுந்துவிட்டார். குளம் இருக்கிறது, விறாந்தை இருக்கிறது, கதவில் அவர் பெயர் இருக்கிறது. வாசலில் மல்லிகையும் வைத்துவிட்டார். இந்த கேமில் தேத்தண்ணி ஊற்றவும் வசதி உண்டு. ஒவ்வொரு இரவும் நாலு கோப்பை வைத்துவிட்டுத்தான் மனுசன் பேச்சைத் தொடங்குகிறார்.

ஒரே ஒரு சங்கடம். எனக்கும் டீச்சருக்கும் றிஸ்வானுக்கும் இந்த கேமும் அலுத்துப்போய்க் கனநாளாகிறது. காக்காவிடம் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டோம்.